‘ஏதடா’ என்ற கேள்வி எப்படிக் கட்டப்பட்டது: சிவவாக்கியர் பாட்டும் மத அதிகாரமும்

நட்டகல்லைத் தெய்வமென்று நாலுபுட்பஞ் சாத்தியே
சுற்றிவந்து முணமுணென்று சொல்லுமந்த்ர மேதடா
நட்டகல்லும் பேசுமோ நாதனுள் ளிருக்கையில்
சுட்டசட்டி சட்டுவம் கறிச்சுவை அறியுமோ

மத அதிகாரத்தை எதிர்த்த தமிழ்ப் பாட்டு எது என்று கேட்டால் பலருக்கும் முதலில் வாயில் வருவது இதுதான். கடவுள் இல்லை என்பவர்களும் இதைச் சொல்வார்கள், கடவுளை உள்ளே தேடுகிறவர்களும் சொல்வார்கள். இரண்டு எதிர்த் தரப்புகள் ஒரே நான்கடியைச் சொந்தம் கொண்டாடும்போது, அது என்ன சொல்கிறது என்பதோடு எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. இதைப் பாடிய சிவவாக்கியர் தமிழ்ச் சித்தர்களில் ஒருவர். அவர் பாட்டைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கருத்தோடு நின்றுவிடுகிறது. அந்தக் கருத்தைத் தெருவில் போகிறவரும் ஒரு தடவை கேட்டு மனப்பாடம் செய்யும்படி ஆக்கியது அதன் ஓசை. பூசை செய்பவரை நிமிர்ந்து பார்த்துக் கேள்வி கேட்கும் துணிவும் அந்த ஓசைக்குள்தான் இருக்கிறது.

பதினைந்து எழுத்து

தமிழ் யாப்பில் எழுத்து எண்ணும்போது மெய்யெழுத்தை, அதாவது புள்ளி வைத்த ஒற்றை, விட்டுவிடுவோம். அப்படி மேலே உள்ள முதல் அடியை எண்ணிப் பாருங்கள். ‘நட்டகல்லைத் தெய்வமென்று’ என்பதில் எட்டு. ‘நாலுபுட்பஞ் சாத்தியே’ என்பதில் ஏழு. மொத்தம் பதினைந்து. ‘தான தான தான தான தான தான தானனா’ என்று தட்டிக்கொண்டே படித்தால் இரண்டிரண்டாக ஆறு சீர், கடைசியில் மூன்றெழுத்துச் சீர் ஒன்று. ஏழு சீர் கொண்ட அடி, அப்படி நான்கு அடி. சந்த விருத்தம் என்று இதைச் சொல்வார்கள்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஒற்றை விட்டு எண்ணினால் நேரசை ஓரெழுத்து, நிரையசை இரண்டெழுத்து. அடி நேரசையில் தொடங்கினால் பதினைந்து, நிரையசையில் தொடங்கினால் பதினாறு. ‘பறைச்சியாவ தேதடா பணத்தியாவ தேதடா’ என்ற அடி ‘பறை’ என்ற நிரையில் தொடங்குகிறது. எண்ணினால் எட்டும் எட்டும் பதினாறு. ‘கறந்தபால் முலைப்புகா கடைந்தவெண்ணெய் மோர்புகா’ என்பதும் அப்படியே. கணக்கு பிசகும் இடங்களும் உண்டு, அவையும் கவனிக்க வேண்டியவை. ‘நட்டகல்லும் பேசுமோ நாதனுள் ளிருக்கையில்’ என்ற மூன்றாம் அடியில் பதினான்குதான் இருக்கிறது. பாடும்போது ‘பேசுமோ’வின் ‘மோ’ நீண்டு அந்த ஓர் எழுத்தின் இடத்தை நிரப்பும். கேள்வி அந்தரத்தில் தொங்கி நிற்பதும் அதே இடத்தில்தான்.

இரண்டாம் அடியில் ‘மந்திரம்’ என்ற சொல் ‘மந்த்ரம்’ என்று ஒடுங்கியிருப்பதையும் பார்க்கலாம். ஒடுங்காவிட்டால் தாளத்துக்குள் அடங்காது. ‘முணமுண’ என்று அவிழ்த்துவிட்ட ஓசையை ஏற்றுக்கொள்ளும் அடி, மந்திரத்தை மட்டும் இறுக்கிப் பிடிக்கிறது. அர்ச்சகர் வாயிலிருந்து கேட்பவர் காதுக்கு வந்து சேர்வது முணுமுணுப்புதான் என்பதைச் சொல்லால் சொல்வதற்கு முன்பே ஓசை சொல்லிவிடுகிறது.

இந்தச் சந்தத்தின் இன்னொரு குணம், தயாராக வெட்டி வைத்த துண்டுகள் அதில் கச்சிதமாகப் பொருந்துவது. ‘இல்லையில்லை இல்லையே’ என்பதை எண்ணினால் சரியாக ஏழு எழுத்து, அதாவது அரை அடி. கீழே வரும் கோயில் பாட்டு அதில் முடிகிறது, எச்சில் பாட்டு அதில் முடிகிறது, மறுபிறப்பை மறுக்கும் பாட்டும் அதில்தான் முடிகிறது. அடியின் கடைசிச் சீருக்கு ‘ஏதடா’ இருக்கிறது, ‘எத்தனை’ இருக்கிறது. இத்தகைய துண்டுகள் கையில் இருந்தால் நடுவில் மூன்றடிக்குச் சரக்கு இருப்பவர் எவரும் புதிதாக ஒரு பாட்டைக் கட்டலாம். சிவவாக்கியம் என்ற தொகுப்பு ஐந்நூறு பாட்டைத் தாண்டுவதற்கும், பதிப்புக்குப் பதிப்பு எண்ணிக்கை மாறுவதற்கும் இதுவும் ஒரு காரணம் என்றே கருதுகிறோம். பல காலத்துக் குரல்கள் ஒரே சந்தத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன. அதற்கு ஒரு தடயம் கோயில் பாட்டிலேயே கிடக்கிறது.

கோயிலாவ தேதடா குளங்களாவ தேதடா
கோயிலும் குளங்களும் கும்பிடும் குலாமரே
கோயிலும் மனத்துளே குளங்களும் மனத்துளே
ஆவதும் அழிவதும் இல்லையில்லை இல்லையே

‘குலாமர்’ அரபியிலிருந்து வந்த சொல். அடிமை என்று பொருள். இன்று நம் கையில் இருக்கும் வடிவத்தில் இந்தப் பாட்டை மிகப் பழைய காலத்துக்குக் கொண்டுபோக அந்த ஒரு சொல் விடாது. அதற்காகப் பாட்டின் மதிப்புக் குறையவில்லை. கோயிலும் குளமும் கும்பிடுகிறவரை ‘பக்தரே’ என்று கூப்பிடாமல் ‘அடிமையே’ என்று கூப்பிட, ஊரில் புழங்கிய புதுச் சொல்லை எடுத்துக்கொண்ட ஒருவர் இருந்திருக்கிறார். ‘கோயிலும் குளங்களும் கும்பிடும்’ என்று ககரமாகவே ஓடிவரும் மோனையில் ‘குலாமரே’ எவ்வளவு இயல்பாக உட்கார்ந்துவிடுகிறது என்பதையும் பாருங்கள்.

‘டா’வும் ‘ரே’யும்

ஒருவரை எப்படி விளிப்பது என்பதில்தான் சாதியும் பதவியும் முதலில் தெரியும். யார் யாரை ‘வாடா’ என்று கூப்பிடலாம், யார் யாரை ‘சாமி’ என்று கூப்பிட்டே ஆக வேண்டும் என்பது எழுதாத சட்டமாக இருந்த சமூகத்தில், மந்திரம் சொல்கிறவரைப் பார்த்து ‘ஏதடா’ என்பது பாதிக் கலகத்தை முடித்துவிடுகிறது. மீதிதான் வாதம்.

ஆனால் சிவவாக்கியர் எல்லா இடத்திலும் ‘டா’ போடுவதில்லை. குறிப்பிட்ட ஒருவரை முன்னால் நிறுத்தும்போது பன்மைக்கு மாறிவிடுகிறார்.

சாத்திரங்கள் ஓதுகின்ற சட்டநாதப் பட்டரே
வேர்த்திரைப்பு வந்தபோது வேதம்வந் துதவுமோ

உடம்பு வியர்த்து மூச்சு இரைக்கும் அந்தக் கடைசி நேரத்தில் வேதம் வந்து கைகொடுக்குமா என்று கேட்கிறார். ‘பட்டரே’ என்ற மரியாதை குறையவில்லை. அந்த மரியாதையோடு கேட்பதால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. சாவு நேரத்து மூச்சிரைப்பு எந்தக் குலத்துக்கும் ஒன்றுதான். பட்டர் என்ற பட்டத்தை விட்டுவைத்து, அந்தப் பட்டம் பயன்படாத இடத்துக்கு அவரைக் கூட்டிப்போகிறது பாட்டு. பின்னால் வரும் வாசல் கல்லைப் பற்றிய பாட்டிலும் ‘மிதிக்கிறீர்’, ‘சாத்துகிறீர்’ என்றுதான் பேச்சு.

ஒரே பாட்டுக்குள் இரண்டும் கலப்பதும் உண்டு. கோயில் பாட்டில் முதல் அடி ‘ஏதடா’ என்கிறது, இரண்டாம் அடி ‘குலாமரே’ என்கிறது. இலக்கண வாத்தியார் இதை ஒருமை பன்மை மயக்கம் என்று திருத்தப் பார்ப்பார். பேச்சில் இது மயக்கமே இல்லை. வாக்குவாதத்தில் இறங்கியவர் ஒரு மூச்சில் ‘என்னடா இது’ என்று பொதுவில் எறிந்துவிட்டு, அடுத்த மூச்சில் எதிரே நிற்பவரைப் பார்த்து ‘சொல்லுங்க’ என்பதுபோலத்தான். பாட்டைப் படிக்கும்போது ஒவ்வொரு விளிக்கும் நின்று, இது யாரைப் பார்த்து என்று கேட்டுக்கொண்டால் காட்சி தானாக விரியும். தனித்து ஒருவர் புலம்பும் பாட்டுகள் அல்ல இவை. எதிரில் ஆள் இருக்கிறார், சுற்றிலும் கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

சட்டி, சட்டுவம், எச்சில்

நட்டகல் பாட்டின் கடைசி அடிக்கு வருவோம். சட்டுவம் என்பது சட்டியில் இருப்பதைக் கிளறவும் எடுக்கவும் உதவும் கரண்டி வகை. சட்டி நெருப்பில் கிடந்து வேகிறது, சட்டுவம் குழம்பிலேயே முங்கி எழுகிறது. கறிக்கு அவற்றைவிட நெருக்கமானது எதுவும் இல்லை. ஆனாலும் சுவை தெரியாது.

இந்த உவமை சிவவாக்கியருக்கு முன்பே தமிழில் உண்டு. அகப்பை பால்கூழின் சுவையை உணராததுபோல, அறம் சொன்னால் இகழ்கிற அறிவிலி அதன் அருமையை உணரமாட்டான் என்று நாலடியார் சொல்கிறது. அங்கே அகப்பையாக நிற்பவன் அறநூலை மதிக்காதவன். சிவவாக்கியர் அதே அடுக்களைப் பொருளை எடுத்து, நூலை ஓதிக்கொண்டே இருப்பவன் பக்கம் திருப்பிவிடுகிறார். அல்லது கல்லின் பக்கமா? சட்டி எது என்பதில் பாட்டு பிடிகொடுப்பதில்லை. கல்லைச் சட்டி என்று கொண்டால், இத்தனை பூசையும் நடப்பது அதன் மேல்தான், அதற்கு ஒன்றும் தெரியாது என்றாகும். சுற்றிவந்து முணுமுணுப்பவரைச் சட்டுவம் என்று கொண்டால், நாள் முழுதும் தெய்வத்தோடேயே புழங்குகிறார், சுவை மட்டும் நாக்கில் படவில்லை என்றாகும். இரண்டாவது பொருளே நமக்கு வலுவாகப் படுகிறது. கல் பேசாது என்பதை மூன்றாம் அடியே சொல்லி முடித்துவிட்டது, அதையே நான்காம் அடியில் மறுபடி சொல்ல வேண்டியதில்லை.

உவமைக்கு அடுக்களைக்கும் வாசலுக்கும் போவது இந்தப் பாட்டுகளின் வழக்கம். காரணம் எளிது. சாத்திர வாதத்தில் சாத்திரம் தெரிந்தவர்தான் நடுவர். சட்டி, கல், எச்சில் என்று பேச்சை இறக்கிவிட்டால் நடுவர் மாறிவிடுகிறார். அம்மி அரைக்கிறவரும் வாசல் தெளிக்கிறவரும் தீர்ப்பு சொல்லலாம்.

ஓசையுள்ள கல்லைநீர் உடைத்திரண்டாய்ச் செய்துமே
வாசலிற் பதித்தகல்லை மழுங்கவே மிதிக்கிறீர்
பூசனைக்கு வைத்தகல்லில் பூவும்நீரும் சாத்துகிறீர்
ஈசனுக் குகந்தகல் லெந்தக்கல்லு சொல்லுமே

‘ஓசையுள்ள கல்’ என்பது வெறும் அலங்காரம் இல்லை. சிற்பி கல்லைத் தேரும்போது தட்டிப் பார்த்து ஓசை கேட்பார். நன்றாக ஒலிக்கும் கல்லைத்தான் சிலைக்கு எடுப்பார். அப்படித் தேர்ந்த ஒரே கல்லை இரண்டாக உடைத்து ஒன்றைப் படியாக்கி, மற்றொன்றைச் சாமியாக்கியிருக்கிறீர்கள் என்று தொடங்குகிறது பாட்டு. தொழில் தெரிந்தவரின் கண்ணும் காதும் அந்த முதல் சொல்லில் இருக்கின்றன.

எச்சில் பற்றிய பாட்டில் வாதம் இன்னும் இறுக்கமானது. வாயிலே குடித்த நீரை எச்சில் என்கிறீர்கள். அந்த வாயில் குதப்பித்தான் வேதமும் வருகிறது. அது எச்சில் ஆகாதா? எதிராளியின் விதியை மறுக்காமல், அதை அப்படியே ஏற்றுக்கொண்டு அவர் தொடாத இடத்துக்கும் நீட்டிவிடுவதுதான் இதன் முறை. அடுத்த பாட்டு அதை முழு மூச்சாக ஓட்டுகிறது: ஓதுகின்ற வேதம் எச்சில், உள்ள மந்திரங்கள் எச்சில், மோதகங்கள் எச்சில், ஏழு உலகமும் எச்சில். எல்லாமே எச்சில் ஆன பிறகு எச்சில் என்ற சொல்லுக்கே வேலை இல்லாமல் போகிறது. விதியை உடைக்காமல், இழுத்து இழுத்தே அறுத்துவிடும் உத்தி இது.

இந்த உத்தியின் உச்சம் தீட்டைப் பற்றிய பாட்டு.

மாதமாதம் தூமைதான் மறந்துபோன தூமைதான்
மாதமற்று நின்றலோ வளர்ந்துரூபம் ஆனது
நாதமேது வேதமேது நற்குலங்கள் ஏதடா
வேதமோதும் வேதியர் விளைந்தவாறு பேசடா

தூமை என்றால் மாதவிலக்கு. மாதாமாதம் வெளியேறும் அது நின்ற பிறகுதான் கரு வளர்கிறது, வெளியேறாமல் தங்கியதே உடம்பாக உருவெடுக்கிறது என்பது அந்தக் காலத்து உடலறிவு. இன்றைய மருத்துவம் கருவை வேறு விதமாக விளக்கும். வாதத்துக்கு அது தடையில்லை, ஏனென்றால் தீட்டு என்று விலக்கியவர்களும் அதே உடலறிவைத்தான் நம்பினார்கள். தீட்டு என்று விலக்கியதிலிருந்தே வேதியரின் உடம்பும் விளைந்திருக்கிறது, அது எப்படி என்று நீயே சொல். ‘பேசடா’ என்று முடித்ததும் பாட்டு நின்றுவிடுகிறது. பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு எதிரில் இருப்பவருடையது. பெண்ணைக் கோயிலுக்குள் விடுவதா என்ற தகராறு இன்றும் தீராத நாட்டில் இந்த நான்கடி எவ்வளவு முன்னால் நின்று பேசுகிறது என்பதை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் உணர முடிகிறது.

இதே துணிவு ஒரு இடத்தில் தடுமாறுகிறது, அதையும் சொல்ல வேண்டும்.

பறைச்சியாவ தேதடா பணத்தியாவ தேதடா
இறைச்சிதோல் எலும்பினும் இலக்கமிட் டிருக்குதோ

இறைச்சியிலும் தோலிலும் எலும்பிலும் எண் போட்டா வைத்திருக்கிறது என்ற கேள்விக்கு எந்தச் சாத்திரத்திலும் பதில் இல்லை. சாதியை எதிர்த்த தமிழ்ப் பாட்டடிகளில் இதற்கு முதல் வரிசையில் இடம் உண்டு. ஆனால் அடுத்த அடி, இருவரோடும் கூடும் ‘போகம்’ வேறு வேறா என்று கேட்கிறது. இங்கே கேட்பவரும் ஆண், பதில் சொல்ல வேண்டியவரும் ஆண், இரண்டு சாதிப் பெண்களும் சாட்சிக்குக் கொண்டுவந்த பொருளாக நிற்கிறார்கள். சாதியை அறுக்கும் கத்தி பெண் என்ற இடத்தில் மழுங்கிவிட்டது. பாட்டைக் கொண்டாடுகிறவர்கள் இதை ஒளிக்க வேண்டியதில்லை.

இதோடு வைத்துப் பார்க்க வேண்டியது, உத்தரநல்லூர் நங்கை பாடியதாக வழங்கும் பாய்ச்சலூர்ப் பதிகம். அங்கே கேட்பது பெண் குரல். சந்தனமும் அகிலும் வேம்பும் எரிந்தால் தனித்தனி மணம் வரும். அந்தணர் தீயில் விழுந்தால் ஒரு மணம், புலையர் விழுந்தால் வேறு மணமா என்று கேட்டு, ‘பந்தமும் தீயும் வேறோ பாய்ச்சலூர்க் கிராமத்தாரே’ என்று முடிகிறது. கடவுளையோ வேதியரையோ விளிக்காமல் ஊரை விளிப்பது இந்தப் பதிகத்தின் தனித்தன்மை. சாதியைக் காப்பது ஓர் ஊர் முழுதும் சேர்ந்து செய்யும் காரியம் என்று அந்தக் குரலுக்குத் தெரிந்திருக்கிறது. கபிலர் அகவலும் இந்தக் கேள்வி மரபுதான். மழை சிலரை விலக்கிப் பெய்யுமோ, காற்று சிலரை நீக்கி வீசுமோ என்று இயற்கையைச் சாட்சிக்கு அழைக்கிறது. அகவலின் நிதான ஓசையில் அது நீதிபோல ஒலிக்கும். சிவவாக்கியர் சந்தத்தில் அதே கேள்வி சண்டைபோல ஒலிக்கிறது.

உள்ளே சேர்ந்த குரலும் வெளியே நின்ற குரலும்

சாத்திரத்தைச் சாடுவது சித்தர்களோடு தொடங்கவில்லை. ஏழாம் நூற்றாண்டில் அப்பர் பாடியது இது:

சாத்திரம் பலபேசும் சழக்கர்காள்
கோத்திரமும் குலமும் கொண்டு என்செய்வீர்
பாத்திரம் சிவமென்று பணிதிரேல்
மாத்திரைக்குள் அருளும்மாற் பேறரே

சழக்கர் என்றால் தீயவர், பொய்யர். சிவவாக்கியரின் ‘பட்டரே’வைவிட இது கடுமையான வசை. சாத்திரத்துக்கு மாத்திரையை எதுகையாக வைப்பதும் இருவருக்கும் பொது. ‘மாத்திரைப் போது’, அதாவது ஒரு நொடிப் பொழுது, உள்ளே அறிய முடிந்தால் என்று சிவவாக்கியரின் சட்டநாதப் பட்டர் பாட்டும் போகிறது. அப்படியிருக்க, அப்பர் பாட்டு ஐந்தாம் திருமுறையில் இருக்கிறது, கோயிலில் ஓதப்படுகிறது. சைவப் பாட்டுத் தொகுப்பான பன்னிரு திருமுறையில் சிவவாக்கியருக்கு இடமே இல்லை. ஏன்?

கடைசி அடியைப் பாருங்கள். அப்பர் ‘மாற்பேறரே’ என்று முடிக்கிறார். திருமாற்பேறு என்ற ஊர்க் கோயிலில் இருக்கும் இறைவன் பெயர் அது. சாத்திரத்தையும் குலத்தையும் தள்ளிவிட்டு வந்தவரை அந்த அடி ஒரு கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது. இடையில் நிற்பவர்மேல்தான் கோபம், தலத்தின்மேல் இல்லை. கங்கை ஆடினால் என்ன, காவிரி ஆடினால் என்ன என்று தீர்த்தங்களையே கேள்வி கேட்கும் பதிகத்திலும், ‘எங்கும் ஈசன் எனாதவர்க்கு இல்லையே’ என்ற முடிவு கேட்பவரைத் திரும்ப ஈசனிடம் சேர்த்துவிடுகிறது. சிவவாக்கியர் பாட்டுகளில் இப்படி ஊர்ப்பெயர் சொல்லி முடியும் கட்டுமானம் இல்லை. ‘இல்லையே’ என்றோ ‘சொல்லுமே’ என்றோ அவர் முடிக்கும்போது, கேட்டவர் போய்ச் சேர வேண்டிய கோயில் எதுவும் மிஞ்சுவதில்லை.

சந்தமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. திருமழிசை ஆழ்வாரின் திருச்சந்தவிருத்தம் 120 பாசுரமும் இதே சந்தம். ‘பூநிலாய ஐந்துமாய்ப் புனற்கண்நின்ற நான்குமாய்’ என்பதை எண்ணிப் பாருங்கள்: ஏழும் எட்டும் பதினைந்து, ‘கோயிலாவ தேதடா குளங்களாவ தேதடா’ போலவே. சிவவாக்கியரே பின்னர் திருமழிசை ஆழ்வார் ஆனார் என்ற கதை வழங்குவதற்கு இந்த ஓசை ஒற்றுமை பெரிய துணை. ஆழ்வாரும் குலத்தைப் பேசுகிறார்: ‘குலங்களாய ஈரிரண்டில் ஒன்றிலும் பிறந்திலேன்’. நான்கு வருணத்தில் ஒன்றிலும் நான் பிறக்கவில்லை. இதே சேதியைச் சிவவாக்கியர் ‘நற்குலங்கள் ஏதடா’ என்று சொல்லுவார். ஆழ்வார் அதைத் தன் குறையாக வைத்து, நின் பாதமன்றி வேறு பற்று இல்லை என்று சரணடைகிறார். தன்னிலையில் சொன்னால் அது அடக்கமாகிறது. முன்னிலையில் சொன்னால் கலகமாகிறது. ஒரே தாளம், ஏறக்குறைய ஒரே சேதி. ‘இலேன்’ கோயிலுக்குள் ஒலிக்கிறது, ‘ஏதடா’ வெளியே நிற்கிறது.

அச்சேறிய கலகம்

வாய்மொழியாகத் திரியும் பாட்டுக்கு யாருடைய ஒப்புதலும் வேண்டாம். அது நூலாகி, நூலுக்குப் பெயரும் வைத்தால் நிலைமை மாறிவிடும். இதற்கு வள்ளலாரின் பாட்டுகள் சாட்சி. 1867இல் அவருடைய மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார் முதல் நான்கு பகுதிகளைப் பதிப்பித்தபோது நூலுக்குத் ‘திருவருட்பா’ என்று பெயர், பகுதிகளுக்குத் ‘திருமுறை’ என்று பெயர். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தரப்பு கொதித்தது. தேவார திருவாசகங்களுக்கு உரிய பெயரை, நம் காலத்தில் உயிரோடு இருக்கும் ஒருவர் பாட்டுக்கு எப்படி வைக்கலாம் என்பதே அடிப்படைக் குற்றச்சாட்டு. 1869இல் ‘போலியருட்பா மறுப்பு’ வெளிவந்தது, அதே ஆண்டில் விவகாரம் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. அந்த நான்கு பகுதிகளிலும் சிவபக்திதான் மேலோங்கி நிற்கிறது. அப்படியும் சண்டை மூண்டது, ஏனென்றால் எது வேதத்துக்கு நிகரான பாட்டு என்று சொல்லும் உரிமை யாருக்கு என்பதுதான் அங்கே கேள்வி.

கடுமையான பாட்டுகள் ஆறாம் பகுதியில் இருந்தன. அது அச்சானது 1885இல், வள்ளலார் மறைந்து 11 ஆண்டுகள் கழித்து. அதிலிருந்து ஒரு வெண்பா:

வேதாக மங்களென்று வீண்வாதம் ஆடுகின்றீர்
வேதாக மத்தின் விளைவறியீர் – சூதாகச்
சொன்னவலால் உண்மைவெளி தோன்ற உரைக்கவில்லை
என்ன பயனோ இவை

நேரிசை வெண்பாவில் இரண்டாம் அடியின் நான்காம் சீர் தனிச்சொல். முதலிரண்டு அடிகளோடு அது எதுகையில் ஒத்துவர வேண்டும், அதன்பின் ஒரு சிறு நிறுத்தமும் வரும். ‘வேதாக’, ‘வேதாக’ என்று இரண்டு முறை வந்த பிறகு அந்த இடத்துக்கு வள்ளலார் கொண்டுவந்த சொல் ‘சூதாக’. யாப்பின் விதிப்படியே வேதாகமத்துக்கு எதுகையாகச் சூது வந்து நிற்கிறது. தமிழ் யாப்பிலேயே மிகக் கட்டான வெண்பாவில், அதன் விதி ஒன்றையும் மீறாமல், வேத ஆகமங்களால் என்ன பயன் என்று கேட்டிருக்கிறார். கன்னடத்தில் பன்னிரண்டாம் நூற்றாண்டு வசனகாரர்கள் யாப்பையே தூக்கிப்போட்டுவிட்டுப் பேச்சுநடையில் கலகம் செய்தார்கள். தமிழில் கலகக்காரர்கள் யாப்பை விடவில்லை. அதை எதிராளிக்கு நிகரான கல்விக்குச் சான்றாக வைத்துக்கொண்டார்கள்.

படிப்பதில் நேரும் பிழைகள்

முதல் பிழை, பாட்டைப் பாதியில் நிறுத்துவது. ‘நட்டகல்லும் பேசுமோ’ என்பதோடு முடித்துவிட்டால் கடவுள் மறுப்பு. ‘நாதனுள் ளிருக்கையில்’ என்பதையும் சேர்த்தால் உள்ளே ஒரு நாதன் இருக்கிறான் என்ற உறுதி. அஞ்செழுத்தைப் பற்றியும் ராம நாமத்தைப் பற்றியும் இதே தொகுப்பில் உருகும் பாட்டுகள் இருக்கின்றன. சிவவாக்கியரை நாத்திகர் என்பது தவறு. அவருக்கும் இறைவனுக்கும் நடுவே யாரும் நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

இரண்டாவது பிழை இதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. சித்தர் பாட்டு என்றாலே எல்லாம் பரிபாஷை, கோயில் என்றால் உடம்பு, குளம் என்றால் ஏதோ ஒரு சக்கரம் என்று மறைபொருளாக மாற்றிவிடுவது. யோக மறைமொழிப் பாட்டுகள் தொகுப்பில் நிறையவே உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ‘இறைச்சிதோல் எலும்பினும் இலக்கமிட் டிருக்குதோ’ என்பதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. வேதியரைப் பார்த்துக் கேட்ட கேள்வியை யோக ரகசியமாக்கிவிட்டால், பதில் சொல்ல வேண்டியவர் தப்பிவிடுகிறார்.

மூன்றாவது, சந்தி பிரித்து அச்சிடும்போது நேர்வது. பொருள் விளங்கட்டும் என்று ‘வேதம் வந்து உதவுமோ’ என்று பிரிக்கிறார்கள். எண்ணினால் எட்டு எழுத்து. ‘வேதம்வந் துதவுமோ’ என்று சேர்த்தால் ஏழு, தாளம் சரி. ‘கோயில் ஆவது ஏதடா’ என்று பிரித்தால் எட்டு, ‘கோயிலாவ தேதடா’ என்றால் ஏழு. பிரித்த வடிவத்தை மட்டும் பார்த்த இளையவர்கள் சித்தர்களுக்கு யாப்பு ஓடாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள், இசையமைக்க எடுப்பவர்களுக்கும் அடி இடிக்கிறது. வழி எளிது. முதலில் பிரித்துப் படித்துப் பொருளை வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு உகரமோ உகரமும் உயிரும் மோதும் இடங்களைச் சேர்த்து, தொடையில் தட்டியபடி வாய்விட்டுச் சொல்லுங்கள். நேரில் தொடங்கும் அடி பதினைந்தில் வந்து விழுகிறதா என்று பாருங்கள். விழாத இடத்தில் பாடபேதம் இருக்கலாம், நீட்டிப் பாட வேண்டிய உயிர் இருக்கலாம்.

நான்காவது பிழை, எல்லாப் பாட்டிலும் எதிரி வெளியே இருக்கிறான் என்று எண்ணிக்கொள்வது. இந்தப் பாட்டில் விளியே இல்லை, ‘டா’வும் இல்லை, ‘ரே’யும் இல்லை:

பண்டுநான் பறித்தெறிந்த பன்மலர்கள் எத்தனை
பாழிலே செபித்துவிட்ட மந்திரங்கள் எத்தனை
மிண்டனாய்த் திரிந்தபோது இறைத்தநீர்கள் எத்தனை
மீளவும் சிவாலயங்கள் சூழவந்தது எத்தனை

நட்ட கல்லுக்கு நாலு புட்பம் சாத்தியவரும், சுற்றிவந்து முணுமுணுத்தவரும் இவரேதான். பறித்த பூவையும் ஓதிய மந்திரத்தையும் இறைத்த நீரையும் சுற்றிய சுற்றையும் ஒவ்வொன்றாகக் கணக்கெடுக்கிறார். நான்கு ‘எத்தனை’க்கும் பாட்டில் எண் எதுவும் வரவில்லை.